வரும் கடிதம் வருகிறது, போகும் கடிதம் ஏன் போகவில்லை?



கைலாசபுரத்தில் ஒரு கேன்டீனுக்கு முறுக்கு, தட்டை கொடுக்க விலைப்பட்டியல் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமையே கூட்டமைப்புக் கணினியிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினோம். அனுப்பியதாக நினைத்தோம் என்பதுதான் சரி. வியாழக்கிழமை விசாரித்தால், “உங்க பட்டியல் வரவே இல்லையேம்மா, வேற குழுவுக்குக் கொடுத்தாச்சே” என்கிறார்கள். கணினியைத் திறந்து பார்த்தோம். கடிதம் ‘டிராஃப்ட்ஸ்’ பெட்டியிலேயே கிடந்தது. அனுப்பும்போது ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்ததாம். படிக்காமல் ‘ஓகே’ அழுத்தி மூடியிருக்கிறோம். வெளியிலிருந்து வரும் கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். கடிதம் வாங்குவதும் அனுப்புவதும் மின்னஞ்சலில் இரண்டு தனித்தனி வேலைகள். தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது வேறு, நாம் போய்த் தபால் பெட்டியில் போடுவது வேறு, இல்லையா? அதுபோல வாங்க ஒரு சர்வர், அனுப்ப ஒரு சர்வர். அனுப்பும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-ல் அதற்கு விதி எழுதியபோது, அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் ஏற்பாடே இல்லை. தபால் பெட்டியில் யார் வேண்டுமானாலும், யார் பெயரை எழுதியும் கடிதம் போடலாமே, அதே கதைதான். ஏமாற்றுக்காரர்கள் அடுத்தவர் சர்வர் வழியாகக் குப்பைக் கடிதங்களை அனுப்பித் தள்ளினார்கள். 1999-ல் அடையாளம் கேட்கும் விதி சேர்ந்தது. குழுக் கணக்கில் பணம் எடுக்க வங்கியில் பிரதிநிதிகளின் கையெழுத்தும் சீலும் கேட்கிறார்கள் அல்லவா? குழுவின் பெயரில் கடிதம் போவதற்கும் அப்படித்தான்.

முன்பு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் படித்தவர்களுக்கு, ‘மை சர்வர் ரிக்வயர்ஸ் அதன்டிகேஷன்’ என்ற சின்னக் கட்டம் ஞாபகம் இருக்கும். அதில் டிக் போடாவிட்டால் கடிதம் நகராது. நாங்கள் இப்போது வைத்திருப்பது தண்டர்பேர்டு. இலவசம்தான். புதுக் கணினிக்கு மாறியபோது அனுப்பும் பகுதியில் ‘நோ அதன்டிகேஷன்’ என்று விட்டிருந்தோம். தப்பு அங்கேதான்.

சரிசெய்தது இப்படி. ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து, இடதுபக்கம் கடைசியில் இருக்கும் ‘அவுட்கோயிங் சர்வர்’ போய், நம் சர்வரைத் தேர்ந்து ‘எடிட்’ அழுத்த வேண்டும். ஜிமெயில் முகவரி என்றால் சர்வர் பெயர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம். ‘கனெக்ஷன் செக்யூரிட்டி’ எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ். என்றால் போர்ட் 465, ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்றால் 587. இரண்டையும் மாற்றிப் போட்டால் வேலை நடக்காது. ‘யூசர் நேம்’ இடத்தில் முகவரி முழுவதையும் எழுதணும், பாதி போதாது. ‘அதன்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘ஓஆத்2’ தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை கடிதம் அனுப்பும்போது கூகுளின் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்கலாம். அங்கே கொடுத்து அனுமதித்தால் போதும்.

பழைய புரோகிராம் வைத்திருப்பவர்கள் வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்து அலுத்திருப்பீர்கள். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே 30 முதல் கூகுள் அதை ஏற்பதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுத்து அதைப் போட வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த 16 எழுத்தும் செல்லாமல் போகும், புதிதாக எடுக்கணும். கணக்காளர் மாறினாலும் பழையதை ரத்து செய்துவிடுங்கள். தீர்மானப் புத்தகத்தின் பின்அட்டையில் பாஸ்வேர்டு எழுதி வைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். கூட்டத்தில் அந்தப் புத்தகம் பத்துப் பேர் கைக்குப் போகிறது, யோசியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு கடிதம் அனுப்பி, “வந்துச்சா?” என்று கேளுங்கள். பிறகு ‘சென்ட்’ பெட்டியைத் திறந்து அங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் தீபாவளி ஆர்டருக்கான பட்டியலை இப்படிப் பார்த்த பிறகுதான் அனுப்பினோம்.