பாடமும் பாட இணைச் செயல்களும்

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் முத்தாண்டிக்குப்பத்தில் உள்ள நம் இல்லத்திற்கு உறவினர் ஒருவர் தம் மகனுடன் வந்திருந்தார். சிறுவன் ஒன்பதாம் வகுப்பில் தேறிப் பத்தாம் வகுப்பிற்குச் செல்ல இருந்தான். "சாரணர் வகுப்பு, ஓவியம் எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று பெரியம்மா. பத்தாவது ஆயிற்றே!" என்று அன்னையார் கூறினார். அவர் சொல்லில் கடமையை நிறைவேற்றிய மனநிறைவு இருந்தது. மகனோ தலை குனிந்து நின்றான்.

அவ்வம்மையாரை நாம் குறை கூறவில்லை. ஆசிரியப் பணியில் இருந்த நாளில் நாமும் அதே செயலைச் செய்து, அதன் விளைவையும் கண்டவர். ஆகவே பாட இணைச் செயல்கள் என்பவை யாவை, அவற்றின் வகைகள் எவை, பயன்கள் எவை, பெற்றோர் செய்யத்தக்கன யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

பாட இணைச் செயல்கள் என்றால் என்ன?

பாடநூலுக்கும் தேர்வுக்கும் நேரே உட்படாமல், ஆனால் கல்வியின் நோக்கத்தை நிறைவு செய்வதற்காகப் பள்ளியில் திட்டமிட்டு நடத்தப்பெறும் செயல்களே பாட இணைச் செயல்கள் ஆகும். நாம் பயிற்சிப் பள்ளியில் பயின்ற காலத்தில் இவற்றைப் 'புறப்பாடச் செயல்கள்' என்றும் வழங்கினர். 'புறம்' என்ற சொல்லால் இவை கல்விக்கு வெளியே நிற்பன என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 'இணை' என்பதே பொருத்தமான சொல். வண்டிக்கு இரு சக்கரங்களும் இணை. அவற்றுள் ஒன்றைப் புறச்சக்கரம் என்று யாரும் சொல்வதில்லை.

இக்கருத்து புதியதன்று. டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, இச்செயல்களைக் கல்வியின் பிரிக்க இயலாத கூறாகக் கருதியது. 1964-66இல் அமைந்த கோத்தாரி கல்விக் குழு, பணி அனுபவமும் சமுதாயத் தொண்டும் பள்ளிக் கல்வியில் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, கல்வி இணைச் செயல்பாடுகளையும் மதிப்பீட்டிற்குள் கொண்டுவந்தது.

நம் முன்னோர்க்கும் இது தெரியாததன்று. 'பள்ளி' என்ற சொல் சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்து வழங்கியது; கற்றலும் ஒழுகுதலும் ஒருசேர நிகழ்ந்த இடம் அது. வேடலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணவியர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. பெண்ணொருவர் ஆசிரியராக இருந்து இத்துணைப் பேரை ஒரு சமூகமாக நடத்திய மரபு நம்முடையது.

வகைகள்

பாட இணைச் செயல்களை அறுவகையாகப் பிரித்துக் காணலாம்.

1. மொழி, இலக்கியச் செயல்கள்: இலக்கிய மன்றம், பேச்சு, கட்டுரை, பட்டிமன்றம், நாடகம், கையெழுத்து இதழ், நூலக வாசிப்பு ஆகியன இவ்வகையின. நெய்வேலி நகரியத்தில் 1998இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பாகும். அங்குச் செல்லும்போது பிள்ளையின் கையில் சிறு தொகையைக் கொடுத்து, நூலை அவனே தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிட வேண்டும். தவறான நூலை வாங்கினாலும் அதுவும் ஒரு பாடமே.

2. அறிவியல், கணிதச் செயல்கள்: அறிவியல் மன்றம், கண்காட்சி, கணிதப் புதிர், செயல்திட்டம் ஆகியன. 1993 முதல் தேசிய அளவில் நடைபெற்று வரும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, தம் ஊரின் சிக்கலொன்றை மாணவரே ஆராய்ந்து முடிவு கூற வழி செய்கிறது. 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் நம் பகுதியின் முந்திரியையும் பலாவையும் பெருமளவில் சாய்த்தது. அன்று சாய்ந்த தோப்புகளில் எத்தனை மீண்டும் நடப்பட்டன, எத்தனை வேறு பயிருக்கு மாறின என்று மாணவர் தம் ஊரளவில் கணக்கெடுத்தால், அது சிறந்ததோர் ஆய்வாக அமையும்.

3. கலைச் செயல்கள்: ஓவியம், இசை, நடனம், கோலம், களிமண் உருவங்கள், நாட்டுப்புறக் கலைகள் ஆகியன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கப்பெற்ற கலைத் திருவிழா, சிற்றூர்ப் பிள்ளைகளும் மாநில மேடை வரை செல்ல வழி திறந்தது.

4. உடற்செயல்கள்: குழு விளையாட்டு, ஓட்டம், யோகம், சதுரங்கம் ஆகியன. தோல்வியை அமைதியாக ஏற்கும் பயிற்சி வகுப்பறையைவிட விளையாட்டுத் திடலிலேயே நன்கு கிடைக்கிறது.

5. தொண்டுச் செயல்கள்: சாரணர் இயக்கத்திற்கு 1907இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் நடத்திய முகாமே தொடக்கம். நம் நாட்டில் பாரத சாரணர் இயக்கம் 1950இல் உருப்பெற்றது. தேசிய மாணவர் படை 1948இல் அமைந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும், 2001-02இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையும் இவ்வகையில் அடங்கும். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை நம் இல்லங்களில் சொல்லித் தரப்படுவது. அதைச் செய்து பழகும் களம் இத்தொண்டு அமைப்புகள்.

6. களப்பயணமும் பொறுப்பேற்றலும்: கல்விச் சுற்றுலா, மாணவர் தலைவர் பொறுப்பு, காலை வழிபாட்டுக் கூட்டம் நடத்துதல், பள்ளித் தோட்டம் பேணல் ஆகியன. நெய்வேலிச் சுரங்கம் நம் வீட்டருகே உள்ளது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் இருப்பதால், அதனை ஓயாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்னரே கரியை வெட்ட இயலும். 'நீர்மங்களின் அழுத்தம்' என்ற பாடத்தை மனப்பாடம் செய்த மாணவன், அந்நீர் குழாய் வழியே பெருகி ஓடுவதை ஒருமுறை கண்டால் ஆயுள் முழுதும் மறவான். திருவக்கரைக் கல்மரப் பூங்காவையும் கண்டு வந்தால், பண்டை மரம் ஓரிடத்தில் கல்லாகவும் மற்றோரிடத்தில் கரியாகவும் மாறியது எவ்வாறு என்ற வினா தானே எழும். வினா எழுந்துவிட்டால் ஆசிரியர் பணி பாதி முடிந்தது.

நாம் செய்த பிழை

பயன்களைக் கூறுமுன், நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நாம் எட்டாம் வகுப்பாசிரியராக இருந்தோம். வகுப்பு இலக்கிய மன்றத்தின் செயலர் ஒரு மாணவி. கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண். மன்றக் கூட்டத்தைத் தடுமாற்றமின்றி நடத்துவாள்; ஆனால் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தாள். தசமமும் இலாப நட்டமும் அவளுக்கு வரவேயில்லை. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைக் கண்டதும், "இனி மன்றம் வேண்டாம், கணக்கைப் பார்" என்று கூறி அவளைப் பொறுப்பிலிருந்து நீக்கினோம். அவள் நன்மைக்கென்றே அதைச் செய்தோம்.

அரையாண்டுத் தேர்விலும் கணக்கு மதிப்பெண் உயரவில்லை. முன் வரிசையில் இருந்தவள் கடைசி வரிசைக்குச் சென்றாள். கேட்ட வினாவிற்கு எழுந்து நிற்பாள், வாய் திறவாள். நாம் அதைப் பிடிவாதம் என்றே எண்ணினோம்.

பின்னர்ப் புதிய செயலரான மாணவன், வரவு செலவு பொருந்தவில்லை என்று மன்றக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தான். பழைய பக்கங்களைப் புரட்டினோம். 43 பேரிடம் தலைக்கு 25 காசு சந்தா, வரவு 10 ரூபாய் 75 காசு; வண்ணத்தாளும் பரிசுக் குறிப்பேடுகளும் வாங்கியது 6 ரூபாய் 90 காசு; இருப்பு 3 ரூபாய் 85 காசு. இவ்வாறு மாதந்தோறும் அவள் எழுதிய கணக்கில் ஒரு காசுப் பிழையும் இல்லை. தசமம் வராது என்று நாம் முடிவு கட்டிய மாணவி எழுதிய கணக்கு அது.

அவளை அழைத்துக் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் நின்றவள், "அது நிஜக் காசு டீச்சர். தப்பு பண்ணா எல்லாரும் கேப்பாங்க. புஸ்தகத்துல வர்ற கணக்கு யாரோட காசு?" என்றாள்.

அன்றே மன்றப் பொறுப்பை அவளிடம் திருப்பித் தந்தோம். மன்றக் குறிப்பேட்டையே கணக்குப் புத்தகமாக வைத்து மாலையில் சிறிது நேரம் சொல்லிக் கொடுத்தோம். அவள் முதல் மாணவி ஆகிவிடவில்லை. ஆண்டு இறுதியில் கணக்கில் தேறினாள், மீண்டும் பேசினாள். எனினும் இடையில் கழிந்த மூன்று மாதங்களை நம்மால் அவளுக்குத் திருப்பித் தர இயலவில்லை. அவளுக்குக் கணக்கு வந்த ஒரே வாயிலை, கணக்கு வரவேண்டும் என்பதற்காகவே நாம் அடைத்திருந்தோம்.

பயன்கள்

இந்நிகழ்ச்சியைக் கொண்டு பயன்களை எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

முதலாவது, பாடம் பொருளுடையதாகிறது. மன்றக் கணக்கு தசமத்தையும், தோட்டம் தாவரவியலையும், நாடகம் மொழியையும் உயிருள்ளவையாக ஆக்குகின்றன.

இரண்டாவது, தன்னம்பிக்கை வளர்கிறது. மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளைக்கு, 'நம்மாலும் ஒன்று முடியும்' என்ற எண்ணம் எங்கேனும் ஓரிடத்தில் தோன்ற வேண்டும். அங்குத் தோன்றியது பாடத்திற்கும் பரவும்.

மூன்றாவது, பிறரோடு ஒத்துழைக்கும் பண்பு உண்டாகிறது. தலைவனாக இருக்கவும், பிறர் தலைமையில் பணியாற்றவும் ஒருவன் பழகுகிறான்.

நான்காவது, உடலும் உள்ளமும் சோர்வின்றி இருக்கின்றன. தேர்வு ஆண்டில் இது மிகுதியும் தேவை. ஓடியாடிய பிள்ளை நன்கு உறங்குகிறது. நன்கு உறங்கிய பிள்ளைக்குக் காலையில் படித்தது மனத்தில் நிற்கிறது.

ஐந்தாவது, பிள்ளையின் இயல்பான ஆற்றல் எது என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் புலனாகிறது. அந்த மாணவியின் ஆற்றலை விடைத்தாள் நமக்குக் காட்டவில்லை, குறிப்பேடே காட்டியது.

கவனத்திற்குரியவை

இச்செயல்களிலும் குறைகள் நேரும். ஒவ்வொரு விழாவிலும் அதே நான்கு பிள்ளைகளையே மேடையேற்றுவது முதற்குறை. எஞ்சிய நாற்பது பேரும் கைதட்டுவதற்கு மட்டும் பழகுகின்றனர். பரிசு பெறுவோர் சிலராக இருக்கலாம். பங்கு பெறுவோர் அனைவராகவும் இருக்க வேண்டும்.

தெர்மகோல் மாதிரியைத் தந்தையார் இரவெல்லாம் விழித்துச் செய்து, மகன் காலையில் தூக்கிச் செல்வது இரண்டாவது குறை. கோணலாக இருப்பினும் பிள்ளை செய்ததே பிள்ளைக்குப் பயன் தரும்.

பாட்டு, நடனம், அபாகஸ், கராத்தே என்று நாள்தோறும் ஒரு வகுப்புக்கு ஓட விடுவது மூன்றாவது குறை. அதுவும் ஒருவகைச் சுமையே. விருப்பமான ஒன்றிரண்டு போதும்.

பெற்றோர் கடமை

ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளையுடன் அமர்ந்து, ஒரு மன்றச் செயலும் ஓர் உடற்செயலும் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். தேர்வு நெருங்கும் இரண்டொரு மாதங்களில் நேரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். முற்றும் நிறுத்துதல் வேண்டா.

அந்தி சாயுமுன் உண்ணும் வழக்கமுடைய நம் குடும்பங்களில், மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளை தாமதமாகத் திரும்புவது ஒரு தடையாகக் கூறப்படுகிறது. சிற்றூர்ப் பெண் பிள்ளைகளுக்குப் பேருந்தும் ஒரு தடை. இவை உண்மையே, ஆயினும் தீர்க்கக் கூடியவை. காலை வேளையிலோ நண்பகல் இடைவேளையிலோ நடக்கும் செயல்களைத் தேர்ந்தெடுக்கலாம். மாலைப் பயிற்சி இருப்பின் கட்டுச்சோறு கொடுத்தனுப்பலாம். முகாமுக்குச் செல்லும் முன், கிழங்கு வகை தவிர்த்த உணவு வேண்டும் என்பதைப் பொறுப்பாசிரியரிடம் பணிவுடன் கூறலாம். நம் பிள்ளை தன் நோன்பைக் காத்துக்கொண்டே நாற்பது பேருடன் பழகுவதும் ஒரு கல்விதான்.

இவற்றிற்கெல்லாம் பெரும்பொருள் தேவையில்லை. பள்ளியில் நடந்ததை மாலையில் அரைமணி நேரம் கேட்க ஒருவர் இருந்தால் போதும். வீட்டில் உள்ள பாட்டனார், பாட்டியார் இதனை ஏற்கலாம்.

முடிவுரை

முற்கூறிய சிறுவனின் அன்னையாரிடம் இந்நிகழ்ச்சியைக் கூறினோம். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சென்ற பின்னர்த் தொலைபேசியில் அழைத்து, "ஓவியம் அரைப்பரீட்சை வரைக்கும் இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார் பெரியம்மா. சாரணர் வகுப்பு சனிக்கிழமை மட்டும்" என்றார். அதுவே நல்ல தொடக்கம் என்று மகிழ்ந்தோம்.

பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் உள்ள இல்லங்கள், ஒன்றை நிறுத்துமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் நிறுத்துவது பிள்ளையின் பொழுதுபோக்கையா, அல்லது பாடம் அவனிடம் வந்து சேரும் வழியையா?

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் பிள்ளை எந்தச் செயலில் ஈடுபடும்போது நேரம் போவதை மறக்கிறான்?
2. அச்செயலுக்கும் அவனுக்குக் கடினமான பாடத்திற்கும் உள்ள தொடர்பு யாது?
3. இவ்வாண்டு நீங்கள் நிறுத்தியவற்றுள் மீண்டும் தொடங்கத்தக்கது எது?