தொழிற் பயிற்சியும் பஞ்சாயத்தின் கடமையும்

குடிநீர் மோட்டார் பழுதுபட்டு நின்றால், நகரத்திலிருந்து ஆள் வரும்வரை ஊரே காத்திருக்கிறது. அதே ஊரில், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இளைஞர் சிலர், அறுவடைக் காலம் நீங்கலாக மற்ற நாட்களில் வேலையின்றி இருக்கின்றனர். இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கவல்லது தொழிற் பயிற்சியே.

மத்திய அரசு 1950-ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1961-இல் தொழிற் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஏணியின் இரு படிகளாகும். முதற்படி, தொழிற் பயிற்சி நிலையம். அங்கே கருவிகளைக் கையாளவும் வரைபடத்தைப் படித்தறியவும் கற்பிக்கின்றனர். இரண்டாம் படி, தொழிற்சாலையில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் பழகுதல். 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், அத்தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்தல் வேண்டுமென 2019-ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. முதற்படியோடு நின்றுவிடும் இளைஞர், கையில் சான்றிதழ் இருந்தும் அனுபவமின்றி இடர்ப்படுவர்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்க்கு இங்கே இடமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மின்பணியாளர், பொருத்துநர் ஆகிய ஈராண்டுப் பயிற்சிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆனால் வெல்டர் எனப்படும் பற்றவைப்பாளர்க்குரிய ஓராண்டுப் பயிற்சிக்கும், கம்பியாள் பயிற்சிக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். வயது 14 நிறைந்திருத்தல் வேண்டும். பெண்களும் சேரலாம். அரசுப் பள்ளியில் பயின்று இந்நிலையங்களில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கப்பெற்றது.

"தொழில் கற்றால் மகன் நிலத்தை விட்டுப் போய்விடுவானே" என விவசாயிகள் அஞ்சுவதுண்டு. சிலர் போகவே செய்வர். எனினும் பம்பு செட்டும் டிராக்டரும் பெருகிவிட்ட இந்நாளில், அவற்றைச் செப்பனிடத் தெரிந்தவர்க்கு ஊரிலேயே பிழைப்பு உண்டு. தொழில் தெரியாமல் வெளியூர் செல்பவரோ கூலியாளாகவே செல்கிறார்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது யாது? பள்ளியை விட்டு நின்றவர்களின் பெயர், வயது, படிப்பு ஆகியவற்றை வார்டுதோறும் உறுப்பினர்கள் குறித்துவருக. மே 1-ஆம் நாள் கிராம சபையில் பயிற்சி விவரங்களைப் படித்துக் காட்டுக. விண்ணப்பம் அனுப்பத் துணைபுரிக. பயிற்சி முடித்தவர் பழகுநராகச் சேர்ந்தாரா என்பதையும் மறவாது கேட்டறிக. திட்டம் அரசினுடையது, அதனை உரியவர் வீட்டு வாயிலில் கொண்டு சேர்ப்பது பஞ்சாயத்தின் கடமை.