ஸனது பெறும் வாரம்: இல்லத்தாருக்கு ஒரு பாடம்

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால், நமது அரபிக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் ஓதல் ஆண்டு முடிவுக்கு வருகிறது. ரமளானில் விடுமுறை, ஷவ்வாலில் மீண்டும் மதரஸா திறக்கும். இந்த விடுமுறைக்கு முன்வரும் வாரத்தில்தான் கத்முல் புகாரியும் ஸனது வழங்கும் விழாவும் நடைபெறுகின்றன. பெரிய மதரஸாக்களில் திரளான கூட்டம் கூடும். ஐந்தாறு பேர் மட்டுமே ஆலிமாகி வெளியேறும் சிற்றூர் மதரஸாக்களிலும் முறைகள் அவையேதாம். அங்கே ஊர் மக்களே விருந்தினர். ஊர் மக்களே பந்தி பரிமாறுவோர்.

அவ்விழாவுக்குச் சென்று, பயான் கேட்டு, பந்தியில் உண்டு திரும்புகிறோம். அங்கே நடைபெறுபவற்றின் பொருளை நம் இல்லத்தார்க்குச் சொல்லியிருக்கிறோமா?

அனுப்பியவர்கள் யார்?

அத்தவ்பா அத்தியாயத்தின் 122-வது வசனத்தைச் சிந்திப்போம். எல்லாரும் ஒருசேரப் புறப்பட்டுவிடலாகாது. ஒவ்வொரு கூட்டத்தாரிலும் ஒரு சிலர் மார்க்க விளக்கம் பெறவேண்டும். தம் மக்களை எச்சரிப்பதற்காகவே அந்த விளக்கம் என்ற கருத்தை அதில் காண்கிறோம். ஆகவே, ஓதச் சென்ற பிள்ளை பெற்றோருக்காக மட்டும் ஓதவில்லை. நம் அனைவர் சார்பிலும் ஓதினார். அவர் ஸனது பெறும் நாள், நாம் அனுப்பிய பிரதிநிதி நம்மிடம் திரும்பும் நாளாகும்.

கத்முல் புகாரி

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 194–256) தொகுத்த ஸஹீஹ் நூலில், திரும்ப வருபவற்றையும் சேர்த்து 7,000-க்கு மேற்பட்ட ஹதீஸ்கள் உள்ளன. இறுதியாண்டு மாணவர்கள் அதனை உஸ்தாதிடம் ஓதி வருகிறார்கள். கடைசி ஹதீஸை மட்டும் இந்த நாளுக்கென நிறுத்தி வைப்பது வழக்கம். மூத்த ஆலிம் ஒருவர் சபையில் வீற்றிருக்க, மாணவர் ஒருவர் அதனை ஓதுவார். அவர் விளக்கம் அளித்து துஆச் செய்வார்.

அந்நூலின் முதல் ஹதீஸ் உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவையே என்பது அதன் கருத்து. கடைசி ஹதீஸ் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது; நாவுக்கு எளிதாகவும் மறுமைத் தராசில் கனமாகவும் உள்ள இரு தஸ்பீஹ்களைப் பற்றியது. நிய்யத்தில் தொடங்கித் தராசில் முடிகிறது நூல். எந்த எண்ணத்தோடு ஓதினாய், அது தராசில் எவ்வளவு கனக்கும் என்று இளம் ஆலிமை நோக்கி அது கேட்பதுபோல் இருக்கிறதன்றோ? இக்கேள்வி நமக்கும் உரியதே.

ஸனதும் தலைப்பாகையும்

ஸனது வெறும் காகிதமன்று. தாம் இன்னாரிடம் ஓதினோம், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று இமாம் புகாரி வரையிலும், அவர்கள் வழியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரையிலும் செல்லும் சங்கிலி அது. நம் நாட்டின் ஹதீஸ் ஸனதுகளில் மிகப் பலவும் டில்லி ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் (1703–1762) வழியே வருகின்றன. அவர்கள் மதீனா சென்று ஷைகு அபூதாஹிர் அல்குர்தீ அவர்களிடம் ஹதீஸ் ஓதியவர்கள். வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் 'பாகவி', லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் 'மன்பஈ', பெரம்பூர் ஜமாலிய்யாவில் ஓதியவர் 'ஜமாலி' என அழைக்கப்படுவதும், ஓதிய இடத்தை மறவாதிருப்பதற்கான அடையாளமே.

தலைப்பாகை கட்டிவிடுவது ஒரு நல்ல வழக்கம். நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. எனினும் பட்டமளிப்பில் இது ஃபர்ளோ வாஜிபோ அன்று. அது இல்லாவிட்டால் ஸனது குறைவுபடாது.

நம்மீதுள்ள கடமை

இன்று சில இடங்களில் இவ்வாரம் கலியாண வீடு போலாகிவிட்டது. சுவரொட்டிகள், பொன்னாடைகள், உறவினர் அனைவருக்கும் விருந்து! செய்ய இயலாத ஏழைத் தகப்பனார் கடன் வாங்குகிறார். கடன் சுமையோடு வெளிவரும் ஆலிம், முத்தவல்லியிடம் உண்மையைத் துணிந்து சொல்ல முடியுமா? செல்வந்தர் வீட்டுத் தவறைச் சுட்டிக்காட்ட நா எழுமா? விழாவின் ஆடம்பரம் விழாவின் நோக்கத்தையே அழித்துவிடக் கூடும்.

ஆகவே இல்லத்தார்க்கு நாம் சொல்வது இதுதான். கத்ம் மஜ்லிஸுக்குப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொன்னாடைக்குப் பதில் கிதாபுகளை அன்பளிப்புச் செய்யுங்கள். ஃபிக்ஹ், தஃப்ஸீர் நூல்கள் ஓர் ஆலிமுக்கு ஆயுள் முழுதும் உதவும். கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள். ஊருக்கு வந்த ஆலிமிடம் மஸ்அலா கேளுங்கள். கேட்கப்படாத கல்வி மறந்துபோகும். அவரை இமாமாக அமர்த்தினால், குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுக்குமாறு ஜமாஅத்தில் பேசுங்கள். பல ஆண்டுகள் ஓதியவர் பசியின் காரணமாக மிம்பரை விட்டு வேறு தொழில் தேடிச் சென்றால், அந்த இழப்பு அவருக்கு மட்டுமன்று, ஊருக்கும்தான்.

ஸனது அவர் கையில். அமானிதம் நம் அனைவர் கையிலும். அதனைப் பேணிக் காக்க வல்ல ரஹ்மான் நம் யாவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.