அமாவாசை பார்த்துப் புறப்படுங்கள்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இப்போது புக்கிட் ரோத்தானில் இருக்கிறோம். மகன் குடும்பத்தோடு மெல்பர்னில் இருக்கிறான். ஏப்ரல் பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் வருகிறார்கள். அங்கே வசந்த காலம் தொடங்கும் செப்டம்பரில் பிள்ளைகளை மவுண்ட் புல்லர் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாட அழைத்துப் போவானாம். பனி எவ்வளவு இருக்கிறது, எந்தச் சரிவு திறந்திருக்கிறது என்று நிலவரம் பார்த்துவிட்டுத்தான் காரையே எடுப்பானாம். இந்த முறை கடலுக்குள் இருக்கும் 'ஸ்கை மிரர்' மணல்திட்டையும் கம்போங் குவாந்தான் மின்மினியையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்கிறான். "அம்மா, அங்கே நிலவரம் எப்படி?" என்று போனில் கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. முன்பு ஒருமுறை என் நாத்தனார் குடும்பம் வந்தபோது மணல்திட்டுக்குப் படகே இல்லை என்றார்கள். அன்றிரவு மின்மினியும் மங்கலாகத்தான் தெரிந்தது. எப்போது போனால் இரண்டையும் நன்றாகப் பார்க்கலாம்? மின்மினி உண்மையிலேயே குறைந்துவிட்டதா?
— ஒரு வாசகி, புக்கிட் ரோத்தான்

பதில்: அம்மா, மகன் கேட்டது சரியான கேள்வி. நம் ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை. சனிக்கிழமை லீவு கிடைத்தால் சனிக்கிழமை கிளம்பிவிடுகிறோம். கோலசிலாங்கூரின் இந்த இரண்டு காட்சிகளும் கிழமையைப் பார்த்து வருவதில்லை, திதியைப் பார்த்து வருகின்றன.

மகனுக்குப் பனியை வைத்தே விளக்கலாம். வசந்த காலத்தில் மலைப்பனி இரவில் உறைந்து, விடியும்போது கண்ணாடிபோல் கெட்டியாக வழுக்கும். வெயில் ஏறினால் மேல்பரப்பு இளகிச் சறுக்குவதற்கு இதமாகிவிடும். மதியத்துக்குப் பிறகு கஞ்சிபோல் குழைந்து காலை இழுக்கும். ஆகவே அங்கே எத்தனை மணிக்குச் சரிவில் நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே வெயில் செய்யும் வேலையை இங்கே நிலா செய்கிறது. நிலவரம் தெரிந்துகொள்ள அவன் தினமும் இணையத்தைத் திறக்க வேண்டும். உங்களுக்குச் சமையலறைச் சுவரில் தொங்கும், திதி குறித்த குதிரை காலண்டர் போதும்.

முதலில் மணல்திட்டைப் பார்ப்போம். ஜெராம், சாசாரான் கரைக்கு அப்பால் மலாக்கா நீரிணைக்குள் இருக்கும் மேடு அது. கரையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குமேல் போக வேண்டும். மாதத்தில் பெரும்பாலான நாள் கடல் அதை மூடியிருக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில் மட்டும், நீர் நன்றாக வற்றும் நேரத்தில் வெளியே தெரியும். மணல் மேல் மெல்லிய ஏடாகத் தண்ணீர் தங்கி நிற்க, அதில் வானமும் ஆளும் தலைகீழாகத் தெரிவதைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பொலிவியாவின் உயூனி உப்புவெளியோடு இதை ஒப்பிட்டு விளம்பரம் செய்வார்கள். அது கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேலே, மழைக்காலத்தில் நீர் தேங்கும் உப்புத்தரை. இது நம் நண்டும் நத்தையும் வாழும் சேற்றுமணல். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் படத்தில் வித்தியாசம் தெரியாது.

சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது ஈர்ப்பு சேர்ந்து இழுப்பதால் கடல் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அந்த நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டரைத் தாண்டும். அரைநிலா நாள்களில் அதில் பாதிகூட இருக்காது. அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கமாட்டோம் அல்லவா, இந்த மணல்திட்டும் அப்படித்தான்; அந்த நாள்களில் தலைகாட்டாது.

மின்மினியைப் பார்க்க வேண்டியது இருட்டு ஒன்றுதான். மின்மினி ஆண்டு முழுவதும் இருக்கிறது, பருவம் என்று எதுவும் இல்லை. நிலா வெளிச்சம் இருந்தாலும் மின்னத்தான் செய்யும், நம் கண்ணுக்குத்தான் எடுபடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நாத்தனார் குடும்பம் எப்போது வந்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: வளர்பிறை அஷ்டமியிலிருந்து தசமிக்குள். அந்த நாள்களில் மணல்திட்டு நீருக்கடியில் கிடக்கும், பொழுது சாயும்போதே பாதிக்குமேல் வளர்ந்த நிலா உச்சியில் நிற்கும். இரண்டும் கெட்ட நாள் மாதத்தில் அதுதான்.

இரண்டும் கூடிவரும் நாள் அமாவாசை. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து மூன்று நாள் பின்னால்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மிக அதிகமாக வற்றுவது அமாவாசை அன்றே அல்ல, ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான். இந்தக் கடற்கரையில் அமாவாசையை ஒட்டி வற்றம் நண்பகல் வாக்கில் வரும், பிறகு நாளுக்கு முக்கால் மணி நேரம்போல் தள்ளிப்போகும். முந்தின நாள்களில் போனால் முற்பகலிலேயே வற்றிவிடும், காற்றும் வெயிலும் குறைவு, நீர்ப்பரப்பு சலனமில்லாமல் இருக்கும். பிந்தின நாள்களில் மணல் அதிகம் விரியும், ஆனால் உச்சி வெயிலில் நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு போவதென்றால் நான் முந்தின நாளைத்தான் சொல்வேன். ஆறு மணி நேரம் கழித்து, மாலையில் ஏற்றம் வந்துவிடும். சிலாங்கூர் ஆறு நிறைந்து, நிலாவும் இல்லாமல் இருக்க, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறுங்கள்.

விடுமுறைக்குள் அமாவாசை வராவிட்டால்? இரண்டு வாரத்துக்குள் அமாவாசை, பௌர்ணமி இரண்டில் ஒன்று அநேகமாக வந்துவிடும். பௌர்ணமியிலும் மணல்திட்டு அதேபோல் கிடைக்கும். சிக்கல் மின்மினியில்தான், அதற்கும் வழி இருக்கிறது. பௌர்ணமியன்று நிலா ஏழேகால் வாக்கில், சூரியன் மறையும்போதே எழும்பிவிடும். அடுத்தடுத்த நாள் ஐம்பது நிமிடம்போல் தாமதித்து எழும். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் ஒன்பது மணிவரையும், மூன்றாம் நாள் அதைவிடக் கூடுதலாகவும் இருட்டு இருக்கும். முதல் படகிலேயே போய்விட்டால் போதும். பௌர்ணமிக்கு முந்தின நாள்கள் மட்டும் வேண்டாம், அப்போது பகல் வெளிச்சம் அடங்கும் முன்பே நிலா மேலே நிற்கும். படகுக்காரர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை, அவர்களுக்கு இரண்டும் ஒரே கட்டணம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. தீபாவளி அமாவாசைக்கு முந்தின சதுர்த்தசியில் வருகிறது, சீனப் புத்தாண்டு அமாவாசையில் வருகிறது, நோன்புப் பெருநாள் பிறை தெரிந்ததும் வருகிறது. நாட்டின் மூன்று பெரிய விடுமுறையும் மணல்திட்டுக்கும் மின்மினிக்கும் ஏற்ற நாள்கள்! அப்போதெல்லாம் கோலசிலாங்கூர் பாலத்தைத் தாண்ட முடியாத நெரிசல். பிறை பார்க்கும் இடங்களில் ஒன்று புக்கிட் மெலாவாத்தி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் அதே குன்று. மணல்திட்டிலிருந்து திரும்பி, பாசிர் பெனாம்பாங்கில் சாப்பிட்டுவிட்டு, மின்மினி நேரம்வரை அங்கே ஏறிக் காத்திருக்கலாம். லோத்தோங் குரங்குகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். கையில் கச்சான் பொட்டலம் இருந்தால் மட்டும் மறைத்து வையுங்கள்.

இனி ஏப்ரல் மாத வானிலை. இது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், பிற்பகல் மேகம் திரண்டு மாலையில் இடியும் மழையும் வரும். அதனால் உங்கள் மகனுக்கு இப்படிச் சொல்லலாம்: மணல்திட்டுக்கு ஏப்ரல் நல்ல மாதம். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிய வாரங்களில் கடல் ஏற்றவற்றம் ஆண்டிலேயே பெரிதாக இருக்கும், அதன் மிச்சம் ஏப்ரலிலும் கிடைக்கும். மின்மினியைப் பொறுத்தவரை மாலை மழை கெடுக்கலாம், ஆகவே ஒரே மாலையை நம்பாமல் அடுத்தடுத்து இரண்டு மாலை ஒதுக்கிவையுங்கள். மழை எட்டு மணிக்கு விட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், சற்றுப் பொறுத்தால் படகு போகும். ஏப்ரலிலிருந்து விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து புயல்காற்று வரிசையாக வந்து அடிப்பதும் உண்டு. அப்படி அடித்த காலையில் படகுக்காரர் 'பரவாயில்லை' என்றாலும் நீங்கள் போகாதீர்கள். மணல்திட்டில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது, இடி விழுந்தால் அங்கே உயரமான பொருள் நாம்தான்.

மற்ற மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி, மார்ச் வறண்டிருக்கும், மின்மினிக்கு மிக நல்லது. ஆனால் வறட்சி நீண்டால் ராஜா மூசா பக்கத்துக் கரிச்சதுப்பில் தீப்பிடித்துப் பெஸ்தாரி ஜெயாவில் புகை சூழ்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மழை குறைவு, புகைமூட்டம் வந்தால் வானமும் இல்லை, வானக் கண்ணாடியும் இல்லை. அக்டோபர், நவம்பரில் மழை கனக்கும்.

மின்மினி குறைந்துவிட்டதா என்று கேட்டீர்கள். அன்று நாத்தனார் குடும்பம் மங்கலாகப் பார்த்ததற்கு நிலாதான் காரணமாக இருக்கும். ஆனால் உங்கள் சந்தேகம் வேறு கோணத்தில் நியாயமானது. நீங்கள் வளர்ந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அல்லூர் ஓரம் தனித்தனியாகப் பறந்து மின்னுமே, அது வேறு வகை. கம்போங் குவாந்தானில் இருப்பது தெரோப்திக்ஸ் தெனர் என்ற இனம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கில் கூடி, ஆண்பூச்சிகள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்னும். இந்த மரம் உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் செழிக்கும். பூச்சி மரத்தில் மின்னினாலும் அதன் புழு வளர்வது மரத்தில் அல்ல. கரையின் ஈரமண்ணில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆக, மரத்தை மட்டும் விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் கரையைச் செம்பனைக்கோ இறால் குளத்துக்கோ திறந்துவிட்டால் கதை முடிந்தது. ஆற்றின் பல இடங்களில் இரண்டுமே நடந்திருக்கிறது, மரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் அணை எழும்பியபோது நன்னீர் வரத்து மாறினால் பெரெம்பாங் என்னாகும் என்ற கவலையும் கிளம்பியது. 2009-இல் சிலாங்கூர் அரசு ஆற்றங்கரையின் ஒரு பகுதியை மின்மினிப் பாதுகாப்பு வலயமாக அரசிதழில் அறிவித்தது. அது நல்ல காரியம். ஆனால் வரைபடத்தில் போட்ட கோடு ஆற்றங்கரையில் தெரிகிறதா என்பதை ஒவ்வொரு தோட்ட நிர்வாகமும்தான் சொல்ல வேண்டும். கரையோரம் வரை செம்பனை நிற்கும் இடங்களில் களைக்கொல்லி தெளித்த கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். உத்தரவு போட்டவர்கள் வேறு.

படகில் ஏறும்போது துடுப்புப் படகு கிடைத்தால் அதையே எடுங்கள். சத்தமில்லை, புகையில்லை. கைப்பேசி விளக்கைப் பிள்ளைகள் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மின்மினி படமாகப் பதிவதும் அபூர்வம், கண்ணால் பார்ப்பதே லாபம். கொசு மருந்தைக் கரையிலேயே தடவிக்கொள்ளுங்கள், படகில் தெளிக்க வேண்டாம். சில பயணத் திட்டங்களில் கழுகுக்கு இரை போடுவதையும் சேர்த்திருப்பார்கள். அங்கே வட்டமிடுவதில் பெரும்பாலானவை நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து. அதற்குக் கோழித்தோலை வீசிப் பழக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. அது இல்லாத திட்டமாகக் கேளுங்கள்.

மணல்திட்டுக்குப் பதிவு செய்யும் முன் ஒரு வேலை பாக்கி. மலேசியக் கடற்படையின் நீர்நிலை அளவை மையம் ஆண்டுதோறும் கடல் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. மகனைக் கிள்ளான் துறைமுகப் பத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் வேளை வற்றத்துக்கு நேராக மிகச் சிறிய எண் எந்த நாளில் இருக்கிறதோ, அந்த நாளைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு படகுக்காரரிடம் "அன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றுகிறது, எத்தனை மணிக்கு எங்களைத் திரும்ப ஏற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். நீர் திரும்பத் தொடங்கினால் திட்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும். இந்த இரண்டு நேரத்தையும் தயங்காமல் சொல்பவரிடம் முன்பணம் கொடுங்கள். "எந்த நாளும் வரலாம்" என்பவரை விட்டுவிடுங்கள்.