மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம்

கோயில் வாசலில் ஓர் அம்மா பூ விற்கிறார். அவருக்கு வயது 52. சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போனதில்லை. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றார்.

பிறகு தேர்வு வந்தது. படித்தலுக்கு 50 மதிப்பெண். எழுதுதலுக்கு 50. கணக்குக்கு 50. மொத்தம் 150. நேரம் 3 மணி. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 17 மதிப்பெண் எடுக்க வேண்டும்.

பூக்கார அம்மா படித்தலில் 41 எடுத்தார். எழுதுதலில் 33 எடுத்தார். கணக்கில் 12தான் கிடைத்தது. சான்றிதழ் வரவில்லை.

"தினமும் காசு எண்ணுகிறேன். எனக்கே கணக்கு வரவில்லையே!" என்று வருந்தினார்.

அவருக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அதே தெருவில் இருக்கும் கல்லூரி மாணவி.

"எத்தனை கணக்கு போட்டீங்க அம்மா?" என்று கேட்டார் மாணவி.

"பாதிகூடப் போடலை, கண்ணு. ஒரு வகுத்தல் கணக்கு வரவே இல்லை. அழிச்சு அழிச்சுப் போட்டேன். அதுக்குள்ளே மணி அடிச்சுட்டாங்க."

"அந்தக் கணக்குக்கு எத்தனை மார்க்?"

"ரெண்டு."

மாணவி யோசித்தார். "பூ கட்டும்போது நாரில் சிக்கு விழுந்தா என்ன செய்வீங்க?"

"ஓரமா வெச்சுட்டு வேற நார் எடுப்பேன். சிக்கு எடுத்துக்கிட்டே உட்கார்ந்தா பூ வாடிடுமே!"

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்தது. இரண்டு மார்க்குக்காக மீதிக் கணக்கையெல்லாம் வாட விட்டது புரிந்தது.

"ஆனா என் கை வேகமா ஓடாதே, கண்ணு. வயசாச்சே!" என்றார்.

மாணவி கேரளத்துக் கார்த்தியாயினி அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் 2018ஆம் ஆண்டு எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. 100க்கு 98 மதிப்பெண் எடுத்தார்.

"வேகம் வேண்டாம் அம்மா. நேரத்தைப் பங்கு போட்டால் போதும்" என்றார் மாணவி.

இருவரும் கணக்குப் போட்டார்கள். 3 மணி என்றால் 180 நிமிடம். மதிப்பெண் 150. மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 150 நிமிடம் ஆகும். மிச்சம் 30 நிமிடம். தேர்வு 10 மணிக்குத் தொடங்கினால் நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்:

10.00 முதல் 10.10 வரை – பெயர், எண் எழுதுதல். வினாத்தாளை முழுதும் பார்த்தல்.
10.10 முதல் 11.00 வரை – படித்தல்.
11.00 முதல் 11.50 வரை – எழுதுதல்.
11.50 முதல் 12.40 வரை – கணக்கு.
12.40 முதல் 1.00 வரை – விட்டதை எழுதுதல். சரிபார்த்தல்.

வீட்டிலேயே கடிகாரத்தை எதிரில் வைத்து மூன்று முறை எழுதிப் பழகினார் அந்த அம்மா.

மறுபடியும் தேர்வு வந்தது. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனார். இந்த முறையும் ஒரு வகுத்தல் கணக்கு சிக்கியது. இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தார். வரவில்லை. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

கடைசி 20 நிமிடத்தில் திரும்பி வந்து பார்த்தார். கூட்டலில் ஒரு தவறு கண்ணில் பட்டது. அதைத் திருத்தினார். புள்ளி வைத்த கணக்கு மட்டும் அப்போதும் வரவில்லை. அதை விட்டுவிட்டார்.

கணக்கில் 31 மதிப்பெண் கிடைத்தது. சான்றிதழும் கிடைத்தது.

அன்று மாலை பூக்கூடையோடு மாணவியின் வீட்டுக்கு வந்தார்.

"அந்த வகுத்தல் கணக்கை இப்போ சொல்லிக்கொடு, கண்ணு. இப்போதான் நேரம் இருக்கே!" என்றார்.

நினைவில் கொள்வோம்

1. முதலில் வினாத்தாளை முழுதும் பார்ப்போம்.
2. தெரிந்ததை முதலில் எழுதுவோம்.
3. தெரியாததற்குப் புள்ளி வைத்து நகர்வோம்.
4. சரிபார்க்க நேரம் ஒதுக்குவோம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு வினாவுக்கு 5 மதிப்பெண். அதற்கு எத்தனை நிமிடம் தரலாம்?
2. இதே தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது. கணக்குப் பகுதியை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்?
3. உங்கள் வேலையில் எதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைச் செய்வீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.