முடிச்சுப் போர்வை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலும் கனடாவிலும் பனிக்காலம் மிகக் கடுமையானது. ஆங்குள்ள இல்லங்களில் மூன்று அடுக்குடைய போர்வை ஒன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மேலே பல வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, கீழே அடித்துணி, இவ்விரண்டிற்கும் இடையே பஞ்சுப் படலம். இம்மூன்றையும் நெருங்கிய கைத்தையலால் இணைக்கப் பல வாரங்கள் செல்லும். நான்கு அங்குலத்திற்கு ஒரு முடிச்சாக இட்டுக் கட்டுவதாயின், பெண்டிர் சிலர் கூடி ஒரு பிற்பகலிலேயே முடித்துவிடுவர். 1920-ஆம் ஆண்டில் தோன்றிய மெனோனைட்டு நடுவண் குழுவினர், போரினால் வீடிழந்தோர்க்கு இத்தகைய போர்வைகளை அனுப்பி வருகின்றனர்.

முடிச்சு அழகிற்காக மட்டும் இடப்படுவதன்று. பிணிப்பில்லாத பஞ்சு, துவைக்குந்தோறும் நழுவி மூலையில் திரண்டுவிடும். ஆயினும், பெரியோர் போர்வைக்கு ஏற்ற முடிச்சு குழந்தையின் போர்வைக்கு ஏற்றதாகாது. ஓர் அங்குலம் நீண்டு நிற்கும் நூல்முனை குழந்தைக்கு விளையாட்டுப் பொருள். அதனைப் பற்றி இழுக்கும், சப்பும், கழன்று வந்தால் விழுங்கவும் முயலும். தளர்ந்த இழை விரலிற் சுற்றிக்கொள்வது அதனினும் கொடிது. இழை இறுகிக் குருதியோட்டம் தடைப்பட, விரல் சிவந்து வீங்கும். காலத்தில் அகற்றாவிடின் விரலையே இழக்க நேரிடலாம். பேசத் தெரியாத குழந்தை அழும்; காலுறைக்குள் மறைந்த விரலை எவரும் எளிதில் நோக்குவதில்லை.

ஆதலின் நூலைத் தேர்வதிலேயே காப்புத் தொடங்குகின்றது. வழவழப்பான செயற்கை இழை பார்வைக்கு நன்று, முடிச்சுத்தான் நில்லாது. முறுக்குடைய பருத்தி நூலே ஏற்றது. ஊசியை மூன்று அடுக்குகளினூடும் இறக்கி, கால் அங்குலம் தள்ளி மேலே வாங்கி, அவ்வழியே மீண்டும் ஒருமுறை செலுத்துவர். பின்னர் வலமுனையை இடமுனையின்மேல் இட்டு முடிந்து, அடுத்து இடமுனையை வலமுனையின்மேல் இட்டு முடிவர். இருமுறையும் ஒரே முனையை மேலிட்டால் முடிச்சு இழுத்தவுடன் நழுவும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுவதால், கைப்பழக்கம் உடையோரும் இவ்விடத்தில் ஏமாறுவதுண்டு.

முனைகளை ஒட்ட நறுக்கினால் முடிச்சு அவிழும். நீள விட்டால் குழந்தையின் கையிற் சிக்கும். இதற்கு வழி உண்டு. முனைகளை நீளமாகவே விட்டு, ஒவ்வொன்றையும் ஊசியிற் கோத்து, பஞ்சினூடே ஓர் அங்குலத் தொலைவு செலுத்தி வெளியே வாங்கித் துணியோடு ஒட்ட நறுக்கினால், எஞ்சிய நூல் உள்ளே மறைந்துவிடும். துவைத்து உலர்த்துந்தோறும் முடிச்சுகளை ஒன்றொன்றாக இழுத்துப் பார்த்து, தளர்ந்தவற்றை நீக்கிப் புதிதாக முடிதல் வேண்டும்.

முடிச்சிற்குப் பதிலாகப் பொத்தான் தைப்பாரும் உளர். மூன்றாண்டு நிரம்பாத குழந்தையின் போர்வையில் அதற்கு இடமில்லை. மூச்சுக்குழலை அடைக்கக் கழன்ற பொத்தான் ஒன்றே போதும்.

எத்துணைச் செம்மையாக முடியப்பெற்றதாயினும், ஓராண்டு நிரம்பாத குழந்தை உறங்குமிடத்தில் இப்போர்வை இருத்தலாகாது என்பர் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தார். முகத்தின்மேற் சரிந்த துணியை விலக்கும் ஆற்றல் இளங்குழவிக்கு இல்லை. அப்பருவத்தில், குழந்தை விழித்திருக்கும்பொழுது தரையில் விரித்து, பெரியோர் அருகிருந்து தவழ விடுதற்கே இஃது உரியது.