விற்கும் விளைவும் உண்ணும் உணவும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்கள் முன்னர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பாகங்களாயிருந்தவை. 1995-ல் பெரம்பலூரும், 2007-ல் முடிவாக அரியலூரும் தனி ஜில்லாக்களாயின. இங்கே சாகுபடியில் பெரும்பகுதி மானாவாரி. மழையை நம்பி வரகும் கம்பும் சோளமும் விதைத்த நிலங்களில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் மிகுதியாகப் பயிராகின்றன. செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயமும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களில் முந்திரியும் விளைகின்றன. இவை பெரும்பாலும் விலைக்குப் போகும் பொருள்கள். விற்ற பணத்தைக் கொண்டு குடியானவர் வீட்டில் வாங்கி உண்பது என்ன? அந்த உணவு உடம்புக்குப் போதுமா? இவ்விரு கேள்விகளையும் அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் ஆலோசித்தல் அவசியமாதலின், இப்பாடம் எழுதப்படுகிறது.

1. ஆகாரம் செய்யும் மூன்று வேலைகள்

ஆகாரம் முதலாவதாக உடம்புக்கு உழைக்கும் சக்தியைத் தருகிறது. இதற்கு மாவுச்சத்தும் கொழுப்பும் வேண்டும். இரண்டாவதாக, உடம்பை வளர்த்து, தேய்ந்ததைப் புதுப்பிக்கிறது. இதற்குப் புரதம் வேண்டும். மூன்றாவதாக, உடம்பின் உட்காரியங்கள் ஒழுங்காக நடைபெறவும் நோய் அணுகாதிருக்கவும் துணை செய்கிறது. இதற்கு ஜீவசத்துக்களும் சுண்ணாம்பு, இரும்பு முதலிய தாதுப்பொருள்களும் வேண்டும்.

அரிசி முதல் வேலையை நன்றாகச் செய்யும். மற்ற இரண்டையும் அது தனியே செய்ய இயலாது. வயிறு நிறைந்தும் உடம்பு குறைப்பட்டிருத்தல் கூடும் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பசியில்லை என்பதனாலேயே குறையில்லை என்று எண்ணலாகாது.

2. குன்னூரில் கண்ட உண்மை

இவ்விஷயம் நமது ராஜதானியிலேயே ஆராயப்பட்டது. 1918-ல் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் என்பவர் குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிச் சாலையைத் தொடங்கினார். பெரிபெரி என்னும் நோயின் காரணத்தை அறிவதே அதன் முதல் நோக்கம். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது.

மக்காரிசன் இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களையும் இளம் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட பஞ்சாப் சீக்கியர் ஆகாரத்தை உண்டவை சராசரி 235 கிராம் எடை அடைந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை ஆகாரத்தை உண்டவை 155 கிராமே அடைந்தன. எலிகள் ஒரே இனத்தவை. வேற்றுமை உணவில் இருந்தது. அரிசி விஷமென்பது இதன் பொருளன்று. அரிசியோடு சேரவேண்டியவை சேராமையே குறை.

அரிசியின் மேல்தவிட்டிலேதான் பி-1 என்னும் ஜீவசத்து மிகுதியாயுள்ளது. மிகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லைப் புழுக்கும்போது இச்சத்தின் ஒரு பாகம் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியே மேலானது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சிய சத்தும் வீணாகிறது. ஆகையால் இருமுறை கழுவினால் போதும். கஞ்சியைக் கொட்டாமல் குடித்தல் நன்று.

3. நமது நிலம் தரும் சத்து

குறையை நிரப்பும் பொருள்கள் தொலைவில் இல்லை. 100 கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச்சத்து சுமார் 10 மில்லிகிராமே. அதே அளவு கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு. துவரை, பச்சைப்பயறு இவற்றில் இருபதுக்கு மேல். நிலக்கடலையில் ஏறக்குறைய இருபத்தைந்து. முருங்கைக்கீரை இரும்பும் சுண்ணாம்பும், கண்ணுக்கு வேண்டிய ஏ ஜீவசத்தின் மூலப்பொருளும் உடையது. ஒரு முருங்கை மரம் இல்லாத கொல்லை இருத்தலாகாது.

கம்பங்கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளும் நமது வழக்கமும் பொருளுடையதே. தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு ஏற்கத்தக்க நிலையில் வைப்பதற்கு வெங்காயமும் பூண்டும் துணைசெய்கின்றன என்பது, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் செய்து 2010-ல் வெளியிட்ட சோதனைகளால் தெரியவந்தது.

4. இரத்தசோகை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உண்டு. களையெடுக்கும் போது சீக்கிரம் களைப்படைதல், மூச்சு வாங்குதல், தலைசுற்றல் ஆகியவற்றைச் சோம்பல் என்றும் வயதென்றும் தள்ளிவிடுகிறோம். கர்ப்பிணிக்கு இந்நோய் இருந்தால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து நேரலாம். பிறக்கும் குழந்தையும் எடை குறைந்திருக்கலாம்.

இதற்கு கீரை, பயறு, கம்பு, முட்டை, மீன், இறைச்சி இவற்றை இயன்றவாறு உண்ண வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்றை உணவோடு சேர்த்தால் தாவர உணவிலுள்ள இரும்பு நன்றாக ஏறும். சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ குடித்தால் அது ஏறாமல் தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை இடையில் நிறுத்தலாகாது. கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே உடம்புக்குள் புகுந்து இரத்தத்தை உறிஞ்சுமாதலால், கக்கூஸும் காலணியும் ஆகாரத்தைப் போலவே முக்கியம்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் தாய். குழம்பின் அடியில் பருப்பு மிஞ்சாத நாட்களில் குறைவது அவள் பங்கே. இதைக் குடும்பத் தலைவர்கள் கவனித்தல் வேண்டும்.

5. குழந்தைகள்

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு, குழைந்த சோறும் பருப்பும், கேழ்வரகுக் கூழ், மசித்த காய், முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகத் தொடங்குக. வெறுஞ்சோற்றுக் கஞ்சி மட்டும் போதாது. எடை குறைந்த சிசுக்களின் தாய்மார்களுக்கு உதவும் அரசாங்கத்தின் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாங்கட்டம், 2024 நவம்பர் 15-ல் அரியலூர் ஜில்லா வாரணவாசியில் தொடங்கப்பட்டது. மாதந்தோறும் அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்துப் பார்த்தால்தான் குறை காலத்தில் வெளிப்படும்.

6. வீட்டுப் பங்கு

நமது நிலத்திலேயே சத்துப் பொருள்கள் விளைந்தும் வீட்டில் அவை இல்லாமற்போவதேன்? கடன் தவணை அறுவடையோடு வருவதால், மூட்டை களத்திலிருந்தே வியாபாரியிடம் போகிறது. பின்னர்ப் பருப்பைக் கடையில் படிக்கணக்கில், கூடுதல் விலைக்கு வாங்க நேருகிறது; பணமில்லாத போது ரசத்தோடு முடிகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒருவர் ஒரு நாளில் 85 கிராம் பயறு வகையும், 35 கிராம் கடலை முதலிய கொட்டைகளும் உண்ணத்தக்கது. முட்டை, மீன், இறைச்சி உண்பவருக்குப் பயறு சற்றுக் குறையலாம். நான்கு பெரியவர் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 124 கிலோ பயறும், 51 கிலோ கடலையும் ஆகும். இதை விற்பதற்கு முன் ஒதுக்கி வைப்பதே வீட்டுப் பங்கு. முழுதும் இயலாதவர் பாதியேனும் வைக்கலாம். நிலம் குறைந்தவர் பருத்தியில் உளுந்தையும் மக்காச்சோளத்தில் தட்டைப்பயற்றையும் ஊடுபயிராகவும், வரப்பில் துவரையையும் விதைக்கலாம். ஒதுக்கிய கடலையை நன்றாகக் காயவைத்து ஈரமில்லாத இடத்தில் வைக்க. பூஞ்சக்காளான் பிடித்த கடலையும் சோளமும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையன, அவற்றை உண்ணலாகாது.

7. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

(அ) அங்கத்தினர் ஒவ்வொருவரும் வரும் பட்டத்தில் வீட்டுப் பங்காக ஒதுக்கப்போகும் அளவு என்ன?

(ஆ) பயறு விதையைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிக் கொடுக்க இயலுமா?

(இ) நிலமில்லாத அங்கத்தினருக்கு அறுவடைக் காலத்து விலையில் பருப்பும் கடலையும் சங்கமே வாங்கி வைத்துக் கொடுக்கலாமா?

கடனைத் தவணையில் செலுத்துவது சங்கத்துக்கு அங்கத்தினர் செய்யும் கடமை. அக்கடனை உழைத்துத் தீர்க்கும் உடம்பைப் பேணுவது, அங்கத்தினர் தமக்கும் தம் குடும்பத்துக்கும் செய்யும் கடமை. இவ்விரண்டும் ஒரே களத்து மூட்டையிலிருந்தே நிறைவேற வேண்டுமாதலின், மூட்டையைத் தைக்கும் முன்னரே பங்கைப் பிரித்துவிடுக.